மேற்கு வாசலில் அப்பா

அந்த விளையாட்டு மூன்று பாகங்களாக வந்தது. முதலாவதையும் மூன்றாவதையும் எத்தனை தடவை ஆடி முடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் இரண்டாவதை மட்டும் நான் முடித்ததே இல்லை. முடிக்கத் தெரியாமல் இல்லை. இதை வெளியே சொன்னால் என்னைப் போன்ற பைத்தியங்கள் இணையத்தில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது வெறும் 'கோட்டை'தான். தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுடைய படிப்புக்கென்று கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையிலிருந்து நகலெடுத்த சிடியாக வந்து சேர்ந்தது. படிப்பு பிறகு வந்தது. கட்டம் கட்டமாகப் பிரித்த களம். நம் ஆட்கள் ஒரு முறை நகர்ந்தால் எதிரிகள் ஒரு முறை நகர்வார்கள். அவசரமே கிடையாது, அதனாலேயே ஒவ்வொரு நகர்வுக்கும் பத்துத் தடவை யோசிப்போம். நம் ஆள் ஒருவன் செத்தால் செத்ததுதான். அடுத்த சண்டையில் அவன் வர மாட்டான். சண்டைக்கு நடுவில் சேமித்து வைக்கவும் முடியாது. ஆரம்பிக்கும் முன்போ முடிந்த பிறகோதான் சேமிக்கலாம்.

ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் பெயரையே வைத்துவிடுவோம் என்றது அண்ணன். பெரிய கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நகரும் ஆளுக்கு அப்பா பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான எங்கள் அப்பாவின் நடையும் அப்படித்தான் இருக்கும். அம்மாவுக்கு வில். அண்ணனுக்குக் குதிரை, கேட்கவா வேண்டும். நான் காயத்துக்கு மருந்து போடுகிறவள். யாரைத் தொட்டாலும் தெம்பு வரும், ஆனால் என்மேல் ஓர் அம்பு பட்டால் ஆள் காலி.

ஆள் செத்தால் உலகம் முழுக்க எல்லாரும் என்ன செய்வார்கள் என்றால், யாரும் பார்க்காதபோது மெஷினை அணைத்துவிட்டு பழைய இடத்திலிருந்து திரும்ப ஆடுவார்கள். அண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டான். "செத்தா செத்ததுதேன். அழிச்சு ஆடுறதுக்கு எதுக்கு ஆடணும்?" என்பான். முதல் பாகத்தில் அவனுடைய குதிரைக்காரனே பாதியில் போய்ச் சேர்ந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மீதிக் கதையைத் தான் இல்லாமலே ஆடி முடித்தான். அம்மா செத்த அன்று நான் அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். "அப்படியா? அப்ப இன்னைக்கு வெஞ்சனம் நீதான் வைக்கணும்" என்று அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அப்பா ஒரு நாளும் மவுஸைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, டீ டம்ளரோடு எங்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். "என்னைய எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்பார். மேற்கு வாசல் என்போம். "சரி, சரி" என்று திருப்தியோடு பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

இரண்டாம் பாகத்திலும் புது ஆட்களுக்கு அதே பெயர்களை வைத்து ஆடி, கடைசிச் சண்டைக்கு நாங்கள் வந்து சேர்ந்திருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்கு முன்னால், பாதிக் கணக்கில். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அம்மாவும் அண்ணனும் அங்கே இருந்தார்கள். ஆபரேஷனுக்கு மறுநாள் எனக்குக் கல்லூரியில் பரீட்சை. பரீட்சை போனால் போகிறது என்றேன். அப்பாதான் படுத்த படுக்கையில் கையை ஆட்டி, "எழுதிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் நேர்ந்துகொள்வது பல் தேய்ப்பது மாதிரி அன்றாடக் காரியம். சாவி தொலைந்தால் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி. பரீட்சையில் தேறினால் மாதாவுக்கு ஒரு மாலை. இது நடந்தால் அது செய்கிறேன் என்று பேசிப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா பிழைத்து வந்தால் அவர் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். எனக்குத் தனியாக நேர்ந்துகொள்ள எதுவும் தோன்றவில்லை.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து, "செத்த நேரம் படுத்து எந்திரியேன் புள்ள, போன் வந்தா நான் எழுப்புறேன்" என்றாள். தூக்கம் எங்கே வரும்? கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். போனையும் இழுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

கடைசிச் சண்டையில் மேற்கு வாசலைக் கோட்டை மணி அடிக்கிற வரைக்கும் காக்க வேண்டும். கேடயத்தோடு அப்பா வாசலில் நின்றார். முதல் அடி அவர்மேல் விழுந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இந்த அப்பா பிழைத்தால் அந்த அப்பா பிழைப்பார்.

நான் நேர்ந்துகொள்ளவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் மனசுக்குள் வந்துவிட்டால் வந்ததுதானே, எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. 'சேசுவே, இதைக் கணக்கில் எடுத்துக்காதேயும்' என்று வாய்விட்டே சொன்னேன். சொன்னதும் அது இன்னும் உறுதியாகிவிட்டது போல இருந்தது. நிறுத்தலாம் என்றால், நிறுத்துவது அப்பாவை வாசலில் விட்டுவிட்டு ஓடுவது. அணைத்துவிட்டுத் திரும்ப ஆடுவதோ அழித்து ஆடுவது. அழித்து ஆடி வாங்கிய உயிர் நிற்குமா?  போன் அடிக்கவே இல்லை.

எதிரிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவின் அம்புகள் தீர்ந்தன. அண்ணனின் குதிரை கிழக்கே மாட்டிக்கொண்டது. அப்பாவுக்கு இன்னும் ஓர் அடி தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அப்போது கரண்ட் போனது.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். பேப்பரில் முதல் நாளே போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் பேப்பர் படிக்கிறவர் மதுரையில் ஆபரேஷன் மேஜைமேல் படுத்திருந்தார். பிரிக்காத பேப்பர் வாசலிலேயே கிடந்தது.

மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி, கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் மணி அடித்துச் சண்டை முடிந்தால்தான் சேமிக்க முடியும். மருந்து போடுகிற நான் உள்ளே கோபுரத்தடியில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து வாசலுக்குப் போக வேண்டுமென்றால் திறந்த முற்றத்தைத் தாண்ட வேண்டும். மதில்மேல் இரண்டு வில்லாளிகள். யோசிக்கவே இல்லை, என்னை நகர்த்தினேன். முதல் அம்பு தப்பியது. அப்பாவைத் தொட்டேன். அவருடைய பச்சைக் கோடு நிமிர்ந்தது. இரண்டாவது அம்பு என்மேல் பட்டது. என் பெயர் திரையில் ஒரு தடவை மின்னி மறைந்தது. எனக்கு அம்புட்டு நிம்மதியாக இருந்தது.

யூபிஎஸ் இடைவிடாமல் கத்தியது. பெரிய கோடாலிக்காரன் ஒருவன் வாசலுக்கு வந்து நின்றான். அப்பாவுக்கு நேராகக் கோடாலியை ஓங்கினான். ஓங்கிய கை ஓங்கியபடி இருக்கத் திரை கறுத்துப் போனது.

அந்த அடி விழுந்ததா, அப்பா தாங்கினாரா, எதுவும் தெரியவில்லை. கறுத்த திரையில் என் முகம்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ. எதிர்வீட்டு அக்கா சோற்றுக் கிண்ணத்தோடு வந்து என்னைப் பார்த்துப் பயந்துபோய், "என்னாச்சு புள்ள, போன் வந்துச்சா?" என்றாள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் போன் அடித்தது.

"பாப்பா, ஆபரேஷன் நல்லபடியா ஆயிருச்சு" என்றான் அண்ணன். "ஐசியூக்குக் கொண்டாந்துட்டாக. கையப் பிடிச்சா திருப்பிப் பிடிக்கிறாரு."

"அண்ணே, இங்க கரண்ட் இல்லண்ணே" என்றேன் நான்.

"அதுக்கு என்னடி இப்ப?" என்று சிரித்தான். பிறகு அவனும் அழுதான்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. மெஷினைப் போட்டால் எல்லாரும் சண்டைக்கு முந்திய இடத்தில் வரிசையாக நின்றார்கள். நான் உயிரோடு இருந்தேன். அப்பா கேடயத்தோடு மேற்கு வாசலில் நின்றார். மவுஸைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

அப்பா வீடு திரும்பி, அம்மா ஆள் உயர மெழுகுதிரியை ஏற்றிவிட்டு வந்த பிறகு, ஒரு நாள் அண்ணன் கடைசிச் சண்டையை ஆட உட்கார்ந்தான். நான் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். "லூசா நீ?" என்று அடிக்க வந்தான். நடந்ததைச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறவன் அன்று நாற்காலியை விட்டு எழுந்தான். சிடியை எடுத்து உறையில் போட்டுப் பீரோவுக்கு மேலே வைத்தான்.

மூன்றாம் பாகம் பல வருஷம் கழித்து வந்தது. படங்கள் கண்ணைப் பறித்தன. செத்த ஆளைத் திரும்பக் கொண்டுவரும் வசதியும் இருந்தது. நான் அதைத் தொடவில்லை, அண்ணன் சட்டப்படியே ஆடினேன். ஆனால் ஆட்களுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆட்டம் கொடுத்த பெயர்களே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இணையத்தில் இரண்டாம் பாகத்தின் முடிவைப் பற்றி யாராவது எழுத ஆரம்பித்தால் உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான் கடைக்குப் போட முடிவெடுத்த அன்று, அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "அந்தக் கோட்டை என்னாச்சு?" என்றார். பணி ஓய்வு பெற்று, சட்டைக்குள் தழும்போடு வீட்டில் இருந்தார். அந்த நாளைப் பற்றி அவரிடம் யாரும் சொன்னதில்லை. பீரோமேல் இருந்த சிடியை எடுத்துப் போட்டுக் காட்டினேன். வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் டம்ளரோடு வந்து நின்றார்.

"நான் இன்னும் வாசல்லயா நிக்கிறேன்?"

"ஆமாப்பா."

"சண்டை?"

"இன்னும் ஆரம்பிக்கலப்பா."

திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சரி, அது மெதுவா ஆரம்பிக்கட்டும்" என்றார். "என்னைய மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி நிறுத்தும்மா. வெயில் அடிக்குது பாரு."

கோபுரத்தடியில், எனக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிழல் இருந்தது. அப்பாவை அங்கே நகர்த்திச் சேமித்தேன்.