மைல்டு என்று எழுதிய காகிதம்

ஹேமநாத்துக்கு முப்பத்து நாலு வயது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. எந்த நூல் அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். இரண்டு விசைத்தறியை ஒற்றை ஆளாக ஓட்டுவான். ஆனால் போனில் பேச வராது, காஸ் சிலிண்டர் மாற்றத் தெரியாது, பசித்தாலும் தானாக வாய் திறக்க மாட்டான். ஆட்டிசம் என்றார்கள் டாக்டர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்குப் போவதற்கு அவன் அம்மா தாட்சாயணி ஒரு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்தாள். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, தெலுங்கில் ஒரு வணக்கம். கேட்டதற்கெல்லாம் அவன் தப்பில்லாமல் பதில் சொன்னான். 'மைல்டு', லேசான குறைதான் என்று எழுதிவிட்டார்கள். அதை லேமினேட் செய்து தெருவெல்லாம் காட்டினாள், பைத்தியக்காரி. ஆனால் பெற்ற பிள்ளையைக் குறைத்துக் காட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

போன தை மாதம் தாட்சாயணி போய்ச் சேர்ந்தாள். அவன் அக்கா மஞ்சுவைக் கட்டிக்கொடுத்தது திருப்பதியில். தம்பியைக் கூட வைத்துக்கொள்ள மாமியார் ஒப்பவில்லை. அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப் போனாள். காகிதத்தைப் பார்த்தவர்கள், மைல்டு ஆட்கள் தனியாகவே இருந்துகொள்வார்கள், இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆனது அவன் நிலை.

மஞ்சு அவனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு போனாள். எங்கள் தெருவில் பார்த்துக்கொள்வதென்றால் பாதி காதால்தான். தறிச் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் எல்லாம் சரி. நின்றால்தான் உள்ளே போவோம். அவன் தறி நிற்கவே இல்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் தறியடியில் சுருண்டு கிடக்கிறான். காஸ் தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கிறது. பாத்திரத்தில் அரிசி வேகாமல் ஊறிப் புளித்துப் போயிருந்தது. நாலு நாளும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தறி ஓட்டியிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறும்போது மஞ்சு வந்துவிட்டாள்.

"பக்கத்துலயே அத்தை கீறாங்களே, ஏண்டா சொல்லல?" என்று என்னைக் காட்டி அழுதாள்.

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். அவனுக்குக் கோபமெல்லாம் இல்லை.

"அத்தை தெனம் வந்தாங்க. தறி ஓடுதான்னு கேட்டாங்க, ஓடுதுன்னேன். துன்னியான்னு கேக்கல."

உண்மைதான். நாலு நாளும் வாசலில் நின்று அப்படித்தான் கேட்டேன்.