கணினிக்கு வந்த வெள்ளெழுத்து

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் ஒருநாள் மத்தியானம் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, கொம்பியூட்டருக்கு வெள்ளெழுத்து வந்திட்டுது."

இப்படி ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவருடைய அழைப்பைத் தவறவிடுவதில்லை. சங்கக் கணினியில் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு ஊதி, பொங்கல் விழா அழைப்பிதழில் 'பொங்' மட்டும்தான் திரைக்குள் அடங்கியதாம்.

கணினியை நான் படித்தவள் இல்லை. கண்டதையும் அமத்திப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் இது தெரிந்த வியாதி. அமைப்புகளுக்குள் போகச் சொன்னேன். "அதில அவுஃப்லோசுங் எண்டு இருக்கும், அண்ணை. அதை மாத்துங்கோ."

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நீரும் செயலாளரின்ர பக்கமோ?"

அப்போதுதான் உறைத்தது. திரையின் தெளிவுக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் அதே சொல்தான் சங்கத்தைக் கலைப்பதற்கும். போன கூட்டத்தில் செயலாளர் கோபத்தில் "அவுஃப்லோசுங்!" என்று மேசையில் அடித்ததிலிருந்து தலைவருக்கு நித்திரை இல்லை. தன் கையால் கதிரை அடுக்கி அடுக்கி அவர் வளர்த்த சங்கம் அது.

"ஐயோ அண்ணை, இது படத்தின்ர தெளிவு."

"பக்கத்தில 'எம்ஃபோலன்' எண்டு கிடக்கே! ஆர் சிபாரிசு செய்தது?"

"கொம்பியூட்டர்தான்."

"அது எங்கட அங்கத்தவரே?"

ஒருவழியாக அமத்தினார். எழுத்துகள் சிறுத்தன. மாற்றத்தை வைத்திருக்கலாமா என்று கேட்டுவிட்டு, கணினி விநாடிகளை எண்ணத் தொடங்கியது.

"அவசரப்படுத்துறான், தங்கச்சி! இதில ஏதோ சுத்துமாத்து இருக்கு!" என்று கையை எடுத்துவிட்டார். விநாடிகள் தீர்ந்தன. பூசணிக்காய்கள் திரும்பி வந்தன.

"சங்கத்தின்ர யாப்பில சட்டமாவே இருக்கு. அவுஃப்லோசுங் எண்டால் நிர்வாகசபை கை உயர்த்தோணும். நான் தனியச் செய்ய ஏலாது."

அன்று பின்னேரமே சபை கூடியது; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்கூட ஒத்துப்போகாத சபை. நான் விளக்கியதும் செயலாளர் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்தார். தலைவர் அவரை எழுப்பி, "திரைக்கு மட்டும், சங்கத்துக்கு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லவைத்த பிறகே வாக்கெடுத்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

எங்கள் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அவுஃப்லோசுங்தான்.

தலைவர் தன் கையாலேயே அமத்தினார். அழைப்பிதழ் முழுவதும் தெரிந்தது. செயலாளர் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போனார்.

"எழுத்து சின்னன், அண்ணை. எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"கொம்பியூட்டருக்குச் சுகம் வந்திட்டுது," என்றார் தலைவர், பல நாளைக்குப் பிறகு சிரித்தபடி. "வெள்ளெழுத்து இப்ப உமக்கு."