முன் போர்ஷன் அரக்கன்

கதைக்கு வில்லன் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, எனக்கு ஒரு வில்லன் கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்கு நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

பம்மலில் நாங்கள் இருப்பது நாலு போர்ஷன் வீடு. மொட்டை மாடியில் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்த் தொட்டி. மாடிப்படிக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் ஒரு வால்வு உண்டு; திருகினால் மூடிக்கொள்ளும். ஒரு நாள் காலை, தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கிறேன், தண்ணீர் நின்றுவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். எங்கள் வால்வில் கை வைத்தபடி முன் போர்ஷன்காரர் நின்றிருந்தார்.

"இன்னா சார், ஷூட்டிங்கா? மழை சீனுக்கு லாரி சொல்லட்டா?" என்றார்.

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதை விட்டுவிடலாம். என் மகளும் மகனும்கூடச் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அன்று சாயங்காலமே பழிவாங்கத் தொடங்கினேன். பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைக்குள் ஓர் அரக்கனைக் கொண்டுவந்தேன். அவருடைய அதே தொப்பை, சாயம் பூசிய அதே மீசை. நாட்டிலுள்ள ஆறுகளையெல்லாம் திருகி மூடுகிறவன். முதல் நாளே அவனை முதலைக்குப் போட்டேன். மனசு குளிர்ந்தது.

மறுநாள் கதையில் அவன் இல்லை. ஆறு ஓடியது, ஜனங்கள் குடித்தார்கள், முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றான் மகன்.

வில்லன் செத்தால் கதையும் கூடவே செத்துவிடுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் முதலையின் வயிற்றைக் கிழித்து அவனை வெளியே எடுத்தேன். அப்புறம் தினமும் ஒரு சாவு. கொதிக்கிற எண்ணெய், செங்கல் சூளை, ஜிஎஸ்டி ரோட்டில் டேங்கர் லாரி. என் பிள்ளைகள் அந்த மனுஷனை வெறுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒரு நாள் ஐந்தாவது படிக்கிற மகள் குறுக்கே கேட்டாள். "அவன் ஏம்ப்பா மூடுறான்?"

"கெட்டவன். அதான்."

"போரா இருக்குப்பா."

மறுநாள் அவள் நேராக அவரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அவர் பேசியது போலவே பேசிக் காட்டினாள்: "'உங்கப்பா பாடிக்கினே அரை மணி நேரம் குளிக்கிறாரும்மா. தொட்டி காலியாப் பூடுது. எங்க வூட்ல உலை வெக்கத் தண்ணி இல்ல.' அப்போ அவர் கதையில நீதான் அரக்கனாப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பொய்யென்று காட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் காலை வாயைத் திறக்கவில்லை. நாலே சொம்பில் குளித்து முடித்தேன். மகளையும் கூட்டிக்கொண்டு, ஈரத் துண்டோடு கதவிடுக்கில் நின்றேன். இன்றைக்கும் மூடினால் காரணமே இல்லாத கெட்டவன்தானே?

அவர் வந்தார். குனிந்து வால்வைப் பார்த்தார். எங்கள் குளியலறைப் பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு செருப்பைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"போய்ட்டாருப்பா. எனக்கு ஸ்கூலுக்கு டைமாச்சு."

"இரும்மா," என்றேன், கண்ணை எடுக்காமல். "வருவான். கண்டிப்பா வந்து மூடுவான்."