ஒரு நிமிஷம் யாரும் அசையக் கூடாது

இருபத்திரண்டு படங்களுக்கு அவர் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட இரண்டாவது வாரத்தைப் பார்த்ததில்லை. ஆடுகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று மட்டும் விருது வாங்கியது. ஆடு மெல்லுகிற சத்தம் அவ்வளவு துல்லியம் என்று நடுவர்கள் எழுதிக் கொடுத்த தாளை இன்னும் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறார்.

வயது ஐம்பத்தொன்று. படக்குழுவிலும் சரி, கட்சியிலும் சரி, அவர் மைக்காரர்தான். கட்சி என்றால், குடும்பம், ஒழுக்கம், சிக்கனம் என்று கண்ட சுவரிலெல்லாம் எழுதுகிற கட்சி. கடன் வாங்கிச் சின்னப் படம் எடுக்கிற கூட்டத்தில் அந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற ஒரே ஆள் இவர். உங்களுக்கு ஏன் இந்தக் கட்சி என்று கேட்காத உதவி இயக்குநர் கிடையாது. காரணம் சின்னதுதான். பதினாறு வருடங்களுக்கு முன்பு ஒரு தேர்தலில், தெருவில் ஒலிபெருக்கி வைக்க நேரக் கட்டுப்பாடு கொண்டுவருவோம் என்று சொன்னது அந்தக் கட்சி மட்டும்தான். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டுப்பாடு இன்றுவரை வரவில்லை. வட்டக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வைக்கிற வேலைதான் இவர் தலையில் விழுந்தது. ஆனாலும் அங்கே கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும், ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசமாட்டார். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பத்தொன்பது வருடமாக ஒரே வீடு, ஒரே கட்டில், குறட்டை யாருடையது என்று ஒரே சண்டை. கட்சியில் யாராவது விசாரித்தால், வாடகையில் பாதி கொடுக்கிற நண்பர் என்பார் மைக்காரர். வீடு கடைக்காரரின் சொந்த வீடு. வாடகை என்ற பேச்சே அங்கே கிடையாது.

கடைக்காரரின் அக்கா மகள் படம் எடுக்கக் கிளம்பியபோதுதான் வினை வந்தது. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் வளைய வந்தவள். கடைக்காரர் அவளுக்கு மாமா, இவர் மைக் மாமா. கதை என்னவென்றால், இரண்டு ஆண்கள் இருபது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள், அதில் ஒருவர் கட்சிக்காரர். படித்துப் பார்த்த மைக்காரருக்கு வியர்த்துவிட்டது. குறட்டைச் சண்டைகூட வரி மாறாமல் இருந்தது.

"படம் முடியறப்ப திரையில ஒரு எழுத்து அட்டை வருது மாமா. இது இவங்க ரெண்டு பேரோட வீடுன்னு போட்டு, உங்க ரெண்டு பேர் பேரையும் போடப் போறேன்."

"ஒலிப்பதிவு பண்ணித் தரேன். என் பேரு எங்கயும் வரக் கூடாது" என்றார் மைக்காரர்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரர் ஆரம்பித்தார். "ஆட்டுப் படத்துக்குப் பேரு போட்டுக்கிட்ட. நம்ம படத்துக்கு மட்டும் கசக்குதா?"

"ஆட்டால கட்சிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லைய்யா."

"என்னால என்ன ஆயிடும்?"

மைக்காரர் ஏற்கெனவே சுருட்டியிருந்த ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டினார். கடைக்காரர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒன்பது நாள். பேச்சில்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு இரைகிறது என்று மைக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

படத்தில் ஒரு கட்சிக் கூட்டம் வருகிறது. நாயகன் பாதிக் கூட்டத்தில் எழுந்து, வீட்டில் ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அதற்கு ஒரு கட்சி அலுவலகம் வேண்டும், நாற்காலியில் உட்கார ஆட்களும் வேண்டும். மைக்காரர் வட்டச் செயலாளரிடம் போனார். டைல்ஸ் வியாபாரம் செய்கிற பெரியவர், அறுபதைத் தாண்டியவர்.

"என்ன படம் தம்பி?"

"குடும்பப் படங்க."

"அப்ப தாராளமா எடுங்க. நம்ம ஆளுங்களையும் கூப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது பேர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாயகனுக்கு வேண்டிய கண்ணாடியைக் கொடுக்க வந்த கடைக்காரர், மைக்காரரைப் பார்க்காத மாதிரி கடைசி வரிசையில் நின்றுகொண்டார். காட்சி மூன்றாவது தடவையில் சரியாக வந்தது.

எந்த அறையில் படம் எடுத்தாலும், கிளம்புவதற்கு முன் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யவேண்டும். மின்விசிறி, குழல்விளக்கு, வெளியே போகிற வண்டி எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு இரைச்சல் உண்டு. பின்னால் படத்தொகுப்பில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவை. மைக்காரர் இரண்டாவது வரிசையின் தலைக்கு மேல் மைக்கை நீட்டி, காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்.

"இப்ப ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியா இருக்கணும்."

முப்பது நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. முப்பது பேரும் எழுந்து, கைகட்டி, தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். நிமிடம் முடிந்ததும் செயலாளர் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "ஈடுசெய்ய முடியாத இழப்பு. அன்னாரின் குடும்பத்துக்கு நம்ம வட்டத்தின் சார்பா ஆழ்ந்த இரங்கல்." பிறகு மைக்காரர் பக்கம் சாய்ந்து, "யாரு தம்பி போனது?" என்றார்.

இயக்குநர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

"யாரும் போகலைங்க. இந்த அறையோட சத்தத்தைப் பிடிக்கிறோம். உக்காந்தே இருங்க. மூச்சு மட்டும் விடலாம்."

இரண்டாவது தடவை. மைக்காரரின் காதில் மின்விசிறி, யாரோ ஒருவரின் கைக்கடிகாரம், செயலாளரின் வயிறு, கடைசி வரிசையிலிருந்து அவருக்கு நன்றாகப் பழகிய ஒரு மூச்சிரைப்பு. இருபதாவது நொடியில் இரண்டாவது வரிசையில் செயலாளரின் குரல், தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக:

"அந்தப் படத்துல ரெண்டு ஆம்பளைங்களும் அண்ணன் தம்பிங்களாம்மா?"

பக்கத்தில் இருந்த மகளிரணித் தலைவியின் குரல்: "இல்லைங்க. நம்ம மைக்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் மாதிரி."

"ஓ."

கடிகாரம் நாலைந்து தடவை துடித்தது.

"அது ஊருக்கே தெரியும். எழுத்துல வராத வரைக்கும் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

பேசிய இருவரைத் தவிர இதைக் கேட்டவர் அந்த அறையில் மைக்காரர் ஒருவர்தான். இன்னும் அரை நிமிடம் பாக்கி. யாரும் அசையக் கூடாது என்று சொன்னவரும் அவரே. ஆகவே நீட்டிய மைக்கோடு, காது சிவக்க, சிலை மாதிரி நின்றார். பதினாறு வருடமாக வாடகைக் கணக்கு சொன்னது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் எவ்வளவு மரியாதையாகத் தலையாட்டினார்கள் என்பதும்.

நிமிடம் முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"ஓகேவா மாமா?"

"இல்லை. யாரோ பேசிட்டாங்க. இன்னொரு தடவை எடுக்கணும்." செயலாளர் சுவரில் இருந்த நாட்காட்டியை உற்றுப் பார்த்தார். மைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை. "அப்புறம், அந்தக் கடைசி அட்டை. ரெண்டு பேரையும் எழுத்துல போட்டுரு. என் பேரு மேல வரணும்."

"ஏன் மேல?"

"நான் மூத்தவன்."

"ஏழு மாசம்தான்" என்றது கடைசி வரிசை. பத்து நாளில் கடைக்காரர் பேசிய முதல் வார்த்தை அது.

மூன்றாவது நிமிடம் சுத்தமாகப் பதிவானது. செயலாளர் அறுபது நொடியும் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

போன மாதம் தொண்ணூறு இருக்கை உள்ள ஓர் அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். செயலாளர் மனைவியோடு வந்து, தன் இரங்கல் உரையை வெட்டிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு, கடைசி அட்டை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் கட்சியிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள், இரண்டிலும் செயலாளரின் கையெழுத்து. ஒன்று, உறுப்பினர் அட்டையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு. விசாரணை வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே அறையில். இன்னொன்று, அந்த விசாரணைக் கூட்டத்துக்கே ஒலிபெருக்கி ஏற்பாடு செய்யச் சொல்லி. மைக்காரர் ஒன்பதரைக்கே போய் மைக் வைக்கப் போகிறார். அன்று கண்ணாடிக் கடை விடுமுறை, கடைக்காரரும் கூடவே வருகிறார்.