கோட்டைக்குப் போன காய்கறி வண்டி

கோட்டை வாசலில் நிற்கும் சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர்களில் ஒருத்திக்கு ரேடியோ. காலையில் போட்டால் சாயங்காலம்தான் அணையும் என்று யாரோ கேலியாகச் சொல்லப்போக, பெற்றவர்கள் வைத்த பெயர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. மூன்று மொழிகளில் மூச்சு விடாமல் பேசத் தெரிந்தவள், பேச்சுதான் பிழைப்பு.

கணவர் சுற்றுலா வேன் ஓட்டினார். ஆள் நேரெதிர். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் பாதி. விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றி, விடுதியில் இறக்கி, மறுநாள் மலைப்பாதையின் வளைவுகளில் அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய்க் கோட்டை வாசலில் விடுவார். அங்கிருந்து ரேடியோவின் பாடு. ஒரே மகள் கல்லூரியில் படித்தாள். ஓஹோ என்று இல்லாவிட்டாலும் குடும்ப வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தொற்று வந்தது. விமானங்கள் நின்றன, விடுதிகள் கதவடைத்தன, கோட்டை வாசலில் பூட்டு தொங்கியது. கொஞ்ச நாள்தானே என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன ஒரு காலையில், கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். ரேடியோ எட்டிப் பார்த்தாள். மனிதர் இருக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"காய்கறி விக்கலாம்."

"நாமளா?"

"ஊரே பூட்டிக் கிடந்தாலும் மனுஷன் சாப்பிட்டுத்தானே ஆகணும்."

சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டைத் திருகத் தொடங்கினார்.

கழற்றிய இருக்கைகளை வைக்க வேறு இடமில்லை. கூடத்திலேயே வரிசையாகப் போட்டார்கள். வீடு புறப்படத் தயாராக நிற்கும் பேருந்து மாதிரி ஆகிவிட்டது. மகள் ஓடிப்போய் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். இருக்கையைச் சாய்த்துப் போட்டுக் கைபேசியில் பாடம் கேட்பாள். நடுநடுவே, "அம்மா, வண்டி எப்ப கிளம்பும்?" என்பாள். ரேடியோவுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் பற்றிக்கொண்டு வரும்.

வேனுக்குள் மாட்டியிருந்த மைக்கை மட்டும் கழற்றவில்லை. மேலே ஒரு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு முதல் தெருவுக்குள் நுழைந்ததும், கணவர் மைக்கை அவளிடம் நீட்டினார். ராஜா ராணி கதை சொன்ன வாயால் தக்காளி, வெங்காயம் என்று கூவ வேண்டுமா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல நாலு வார்த்தை சொன்னாள். தெரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடிய கீரையோடு வீடு திரும்பியவள் அன்று யாரோடும் பேசவில்லை.

மறுநாளும் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அதே தெரு, அதே மூடிய கதவுகள். மைக்கைப் பிடித்தவளுக்குத் தன்னை அறியாமலே கோட்டைக் குரல் வந்துவிட்டது.

"வணக்கம், வணக்கம்! உங்க வாசலுக்கு முன்னால இப்ப நீங்க பார்க்கறது முட்டைக்கோஸ். இத்தனை சுத்துச் சுவர் வச்ச கோட்டைய எந்த ராஜாவும் கட்டினதில்ல. நம்பலேன்னா ஒண்ணொண்ணா உரிச்சுப் பாருங்க. அப்படியே வலது பக்கம் திரும்பினா பூசணி. இதைத் தூக்க ஒரு படையே வேணும், வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிட்டு வாங்க!"

எங்கோ மாடியில் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. தெருமுனை வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த தையல்கார அக்கா, பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கியபடி குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, அந்தப் பூசணிக்கு ஏதாவது வரலாறு இருக்கா?"

"இருக்குக்கா. வாங்கினாத்தான் சொல்லுவேன்."

ஓட்டுநர் இருக்கையில் கணவரின் தோள் குலுங்கியது. அவர் சிரித்து அவள் பார்த்தது எத்தனையோ நாளுக்குப் பிறகு.

அதற்குப் பிறகு வண்டிச் சத்தம் கேட்டாலே ஜன்னல்கள் திறந்தன. அடைந்து கிடந்தவர்களுக்குக் கத்தரிக்காய் எவ்வளவு தேவையோ அவ்வளவு அந்தக் குரலும் தேவைப்பட்டது. ஒரே ஒரு வீட்டு முன்னால் மட்டும் அவள் மைக்கை அணைத்துவிடுவாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு அது. தொற்று அவர் மனைவியைக் கொண்டுபோயிருந்தது. அதிலிருந்து மனிதர் வாசற்படி தாண்டுவதில்லை.

"சார், இன்னைக்கு என்ன போடட்டும்?"

"எதையாவது போடும்மா."

அவளே பார்த்துப் பிஞ்சாகப் பொறுக்கிப் போடுவாள். வேக வைக்க நேரம் பிடிக்காத காயாகப் பார்த்துக் கொடுப்பாள்.

ஒரு வழியாகத் தொற்று அடங்கியது. கோட்டை திறந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று ரேடியோ அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கால் தரையில் பாவாமல் ஓடினாள். வழிகாட்டிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பயணிகள்தான் வரவில்லை. டிக்கெட் கொடுப்பவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். விமானங்கள் அடுத்த பருவத்துக்குத்தான் பழையபடி வரும் என்றார் வழிகாட்டிகள் சங்கச் செயலாளர். "அதுவரைக்கும் பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு, பொறுமையில்லாமல் முதல் ஆளாக வீட்டுக்குப் போனார்.

இந்தப் பக்கம் சந்தையும் திறந்துவிட்டது. தெருவில் காய் வாங்க ஆள் குறைந்தது. பழைய பிழைப்பு இன்னும் வரவில்லை, புதிய பிழைப்பு கைநழுவிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் ரேடியோ வண்டியருகே களையிழந்து நிற்க, தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த தையல்கார அக்கா நிமிர்ந்தாள்.

"ஆமா, அந்தக் கோட்டையில அப்படி என்னத்தத்தான் காட்டுவே?"

"நீங்க பார்த்ததில்லையா அக்கா?"

"தினம் பார்க்கறேனே, துணி காயப்போடறப்ப. மேல ஏறினதில்ல. நம்ம ஊர்தானே, எங்க ஓடிப்போகப் போகுது, என்னைக்காவது போய்க்கலாம்னு விட்டாச்சு."

பக்கத்தில் நின்றவர்களும் போனதில்லை. எதிர்வீட்டுக்காரிக்கு அங்கே ஒரு குளம் இருப்பதே தெரியாது. கடல் தாண்டி வந்தவர்கள் வியந்து பார்த்த கோட்டை, தன் காலடியில் குடியிருந்த தெருவுக்கு வெறும் மலைமேல் நிழலாக இருந்தது. ரேடியோவுக்குப் பொறி தட்டியது.

"என்னங்க, சீட்டை எல்லாம் திரும்ப மாட்டுங்க!"

கணவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு கூடத்துக்குப் போனார். துருப்பிடித்த போல்ட்டுகள் அவரைப் பாடாய்ப் படுத்தின. மகள் தன் ஜன்னலோர இருக்கையை விட்டு எழவே மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் இருக்கையோடு தானும் வருவதாக உடன்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு இருக்கை தவிர வேன் நிரம்பிவிட்டது. எத்தனை கழுவியும் உள்ளே வெங்காய வாடை போகவில்லை. "நம்ம வண்டிதான், மோந்தாலே தெரியுது" என்றாள் அக்கா. புறப்படும் நேரத்தில் ரேடியோ இறங்கிப்போய் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு சீட்டு காலியா இருக்கு."

"எனக்கெதுக்கும்மா?"

"காலி சீட்டோட போனா எங்க வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வச்சுக்குவார் சார். எனக்காக வாங்க."

அவர் வாசற்படியைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கோட்டை வாசலில் ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மனப்பாடமான உரையை எடுத்துவிட்டாள். எந்த அரசர் எந்தச் சுவரைக் கட்டினார், எந்தப் படை எந்தப் பக்கம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தலையாட்டிக் கேட்கும் இடமெல்லாம் தெருக்காரர்களுக்குக் கொட்டாவி வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். இத்தனை பேருக்கும் எங்க சமைச்சாங்க?" என்றாள் அக்கா.

"ராணியும் மாமியாரும் ஒரே மாளிகையிலயா?" இது எதிர்வீட்டுக்காரி.

"தண்ணிய யாரு மேல சுமந்தா?"

ரேடியோ திக்குமுக்காடிப் போனாள். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்தது. "தெரியாதுக்கா. வாங்க, தேடிப் பார்ப்போம்" என்றாள். எல்லாருமாகச் சேர்ந்து புகை படிந்த ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அதுதான் அடுப்படி என்று முடிவு கட்டினார்கள். ராணிக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு முற்றம் ஒதுக்கினார்கள். குரங்கு மாதிரி சுவர் சுவராக ஏறினார்கள். ரேடியோ அன்று பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். அது அவளுக்கு இனிக்கவும் செய்தது.

வாத்தியார் மட்டும் தனியாக மேற்குச் சுவரருகே நின்றிருந்தார். ரேடியோ போய்ப் பக்கத்தில் நின்றாள். கீழே ஊர் விரித்துப் போட்டது போலக் கிடந்தது.

"அதோ, நீலத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுதான் என் வீடு" என்றார். "அவ எப்பவும் சொல்லுவா, ஒரு நாள் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. லீவு வரட்டும்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டேன்."

அவர் கண்ணைச் சுருக்கி இன்னும் உற்றுப் பார்த்தார்.

"அடடா, மொட்டை மாடியில துணிய எடுக்காம வந்துட்டேன்மா. பாரு, ஆடுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி சிரித்தார். தூரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை காற்றில் கையாட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு பக்கத்துத் தெரு கேட்டது. பிறகு அடுத்த ஊர். முதலில் கேலி செய்த வழிகாட்டிகள், வீடு வீடாகப் போய்க் கூட்டி வரத் தொடங்கினார்கள். விமானங்கள் திரும்பி வந்தபோது கோட்டை வாசல் ஏற்கெனவே களைகட்டியிருந்தது. விடுதிகளில் விளக்கு எரிந்தது. படிப்பை முடித்த மகள் அதிலொன்றில் வரவேற்பில் உட்கார்ந்தாள். வெளிநாட்டுக் குழுக்கள் ரேடியோவைத் தேடி வந்தன. அவர்களையும் இப்போது முதலில் அடுப்படிக்குத்தான் கூட்டிப்போனாள். ஞாயிறு மட்டும் யார் கேட்டாலும் கொடுப்பதில்லை, அது உள்ளூர்க்காரர்களுக்கு.

அப்படியொரு ஞாயிறு, தையல்கார அக்கா மூன்றாம் முறையாக வந்திருந்தாள். எல்லாரும் இறங்கியும் கணவர் ஓட்டுநர் இருக்கையிலேயே இருப்பதைக் கண்டு நின்றாள்.

"நீங்க வரலையா தம்பி?"

"நான் வண்டியில இருக்கேன் அக்கா."

"ஒரு தடவையாவது மேல போயிருக்கீங்களா?"

அவர் வெளியே பார்த்தார். ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றி வந்த மனிதர் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. அவளும் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை.

"இறங்குங்க. வண்டிய யாரும் இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்று அக்கா கதவைத் திறந்தாள்.

ரேடியோ அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். உச்சிச் சுவருக்கு வந்ததும் எதுவும் விளக்காமல் பக்கத்தில் நின்றாள். அவர் ஊரையும், தான் ஏறி இறங்கிய மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் நிதானமாகப் பார்த்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"காத்து நல்லா வருது" என்றார் அவர்.

இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள்.