பெட்டி மாத்தினப்ப மாறிப்போன பேரு

அந்த டயர் கம்பெனியில யாரும் யாரையும் நம்பினதில்லை. மேனேஜர் தொழிலாளியை நம்பமாட்டார். வாசல்ல நிக்கிற காவலாளி மேனேஜரோட கார் டிக்கியையும் திறக்கச் சொல்லிப் பாப்பான். அப்படிப்பட்ட இடத்துல, சந்தேகப்படறதுக்குன்னே சம்பளம் வாங்கின ஆளு ஒருத்தங்கதான். கம்ப்யூட்டர் பிரிவு அம்மா.

கம்பெனி ஃபைல் மொத்தமும் இருக்கிற பெட்டியைப் பாத்துக்கறதுதான் அவங்க வேலை. பெட்டின்னா பீரோ உசரம், உள்ள வரிசை வரிசையா டிஸ்க். டயர் டிசைன், டெஸ்ட் ரிசல்ட், வருகைப் பதிவு, மேனேஜருங்க ஒருத்தரை ஒருத்தர் போட்டுக்குடுத்து எழுதினது எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். பெட்டி சூடாகக் கூடாதுன்னு அந்த ரூமை ஐஸ் மாதிரி வெச்சிருப்பாங்க. அதனால கொளுத்துற வெயில்லயும் இந்தம்மா ஸ்வெட்டரோட பஸ் ஏறுவாங்க. காய்ச்சல்காரின்னு நினைச்சு பக்கத்து ஆளு எந்திரிச்சுப் போயிடும். "நல்லதுதான், கால் நீட்டிக்கலாம்"ம்பாங்க.

யாரு என்ன சொன்னாலும் "இன்னொருவாட்டி பாத்துடுவோமே"ம்பாங்க. பேரே இன்னொருவாட்டி அக்கான்னு ஆயிடுச்சு.

அவங்க வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான், டெஸ்டிங் பிரிவு. சங்கத்துல முன்னால நின்னார். ஸ்ட்ரைக் நடந்துச்சு, வேலையிலேர்ந்து ஆளைத் தூக்கிட்டாங்க. கேஸ் கோர்ட்ல தூங்குது. வீட்டுக்குக் கீழேயே மோட்டார் ரிப்பேர் கடை போட்டுட்டார். கடைக்குப் பின்னால ஒரு ரூம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கக் கமிட்டி அங்கதான் கூடும். காப்பர் கம்பிச் சுருள் மேல ரெண்டு பேரு, கவுத்துப்போட்ட பக்கெட் மேல ஒருத்தர்னு உக்காந்து கம்பெனியைக் கிழிப்போம்.

கம்பெனி மேல கேஸ் போட்டவரோட பொண்டாட்டியை ஏன் வேலையில வெச்சிருந்தாங்கன்னு கேப்பீங்க. பெட்டி கிழடு. அதோட முனகலை வெச்சே எந்த டிஸ்க் படுக்கப் போகுதுன்னு சொல்ற ஆளு வேற யாரும் இல்லை. முதலாளியோட பெருந்தன்மைன்னு நினைச்சுக்காதீங்க.

அந்த வருஷம் எங்க கமிட்டிக்கு ஒரு சீக்கு வந்துச்சு. வெள்ளிக்கிழமை நாங்க பேசினது அடுத்த வாரமே மேனேஜர் வாயில வரும். கேன்டீன்ல எந்த நாளு தட்டைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிக்கணும்னு முடிவு பண்ணுவோம். அந்த நாளு பாத்து கேன்டீனையே மூடியிருப்பாங்க. உள்ளுக்குள்ள எவனோ மேனேஜர் காதுல ஊதறான். யாருன்னு தெரியலை. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்.

ஒருநாள் ஒருத்தர் வாயை விட்டார். "மாடியில கம்பெனி ஆளு ஒண்ணு இருக்கே, அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?"

மோட்டார்க்காரர் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சார். "என் பொண்டாட்டியைச் சந்தேகப்படறவன் என் கடையில உக்காரக்கூடாது. எந்திரி."

கூட்டத்துல ஒரு கைத்தட்டல். தட்டினது, வருகைப் பதிவு பாக்கற டைம் ஆபீஸ் ஆளு. ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனிக்குப் புதுசா வந்து சேந்தவன். யாரு பேசினாலும் முதல்ல தட்டுவான், கடைசியில நிறுத்துவான். அதனால அவனுக்குக் கைத்தட்டின்னே பேரு. மோட்டார்க்காரரை அண்ணே, இந்தம்மாவை அண்ணின்னு கூப்பிடுவான். கூட்டத்துக்கு ஃப்ளாஸ்க்ல டீ கொண்டுவர்றதும் அவன்தான்.

இந்த நேரத்துலதான் பெட்டி கையை விரிச்சுது. செஞ்ச கம்பெனி இனிமே பார்ட்ஸ் கிடையாதுன்னுடுச்சு. வேற கம்பெனியோட புதுப் பெட்டி வந்து இறங்குச்சு. கூடவே விக்கிற கம்பெனி எஞ்சினியர் ஒருத்தர். கோட்டு, பளபள ஷூ, சென்ட்டு. ஆபீஸ்ல எல்லாரும் மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாங்க.

பழைய பெட்டியில இருக்கறதைப் புதுசுக்கு மாத்தணும், ஆனா வேலை நிக்கக்கூடாது. ஆளுங்க எழுதிக்கிட்டே இருப்பாங்க, நீங்க அள்ளிக்கிட்டே இருக்கணும். முதல்ல மொத்தமா ஒரு காப்பி. அது முடியறதுக்குள்ள பாதி ஃபைல் மாறியிருக்கும். மாறினதை மட்டும் திரும்ப அள்ளணும். திரும்பத் திரும்ப அள்ள அள்ள மிச்சம் குறையும். கடைசியில ஒரு லீவு நாளு பாத்து எல்லாரையும் வெளிய நிறுத்திட்டு, மிச்சத்தை அள்ளி, வாசலைப் புதுப் பெட்டிப் பக்கம் திருப்பிடணும். காப்பி அடிக்கறது சுலபம். வந்து சேந்தது அதேதானான்னு பாக்கறதுலதான் உசிரு போகும்.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "நூறு சதவீதம் காப்பி ஆயிடுச்சு மேடம்."

"அதுல சரியா ஆனது எத்தனை சதவீதம்?"

"மேடம், இது உலகம் பூரா ஓடற டூல்."

"ஓடட்டும் தம்பி. எங்க ஊருக்கு வந்தா நின்னு பதில் சொல்லணும்."

ஒரு ஃபைல் விடாம ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டு ஒத்துப் பாக்க வெச்சாங்க. மாப்பிள்ளை கோட்டைக் கழட்டினார். அடுத்த நாளு அவரும் ஸ்வெட்டரோட வந்தார்.

ஒரு சிக்கல் இருந்துச்சு. ஃபைல் யாருதுன்னு பழைய பெட்டி நம்பர்லதான் வெச்சிருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் லாகின் நம்பர் ஒண்ணு. புதுப் பெட்டிக்கோ நம்பர் புரியாது, பேருதான் வேணும். அதனால இந்த நம்பர் இந்த ஆளுன்னு டூலுக்கு ஒரு பட்டியல் குடுக்கணும். இந்தம்மா கிட்ட ஒண்ணு இருந்துச்சு. வேலைக்குச் சேந்த காலத்துலேர்ந்து அவங்களே போட்டுக்கிட்டு வந்தது. அதைக் குடுத்தாங்க.

ஞாயித்துக்கிழமை வாசலைத் திருப்பினாங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாம் ஓடுச்சு. மேனேஜர் கைகுடுத்துட்டுப் போயிட்டார். மாப்பிள்ளை சாப்பிடப் போயிட்டார். இந்தம்மா மட்டும் உக்காந்து புதுப் பெட்டியை ஒரு கேள்வி கேட்டாங்க. வேலையை விட்டுப் போனவங்க பேர்ல சமீபத்துல எழுதின ஃபைல் ஏதாவது இருக்கா? இருக்கவே கூடாது. போன ஆளு எப்படி எழுதுவான்?

இருந்துச்சு. எல்லாம் செக்யூரிட்டி ஆபீசரோட ஃபோல்டர்ல. ஃபைல் பேரைப் படிச்சாங்க. "வெள்ளிக்கிழமை கூட்டம் பேசியவர்கள்." "மோட்டார் கடை வந்தவர்கள்." "கேன்டீன் திட்டம்." வாரம் தவறாம. கடைசி ஃபைல் ரெண்டு நாளுக்கு முன்னாடி எழுதினது. உரிமையாளர்னு போட்டிருந்த இடத்துல அவங்க வீட்டுக்காரர் பேரு.

ஸ்வெட்டருக்குள்ள வேர்த்துப் போச்சுன்னு பின்னால சொன்னாங்க.

மத்தவங்களா இருந்தா, என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லைன்னு கண்ணீர் விட்டிருப்பாங்க. இந்தம்மா மூளை அப்படி ஓடாது. தூக்கினதே நாடகமோ? தூக்கின ஆளுன்னாதானே கமிட்டி நம்பும். கேஸ் ஏன் இத்தனை வருஷமா நகரலை? இவரே நகர விடலையோ? கூட்டத்துக்கு நம்ம வீடே போதும்னு முதல்ல சொன்னது யாரு? எனக்காகச் சண்டை போட்டாரே, அதுகூட... யோசிக்க யோசிக்க எல்லாம் கச்சிதமா வந்து உக்காந்துச்சு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனா, அவர் கடையில பழைய தண்ணி மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்தார்.

"உன் பெட்டிப் பொண்ணு புது வீட்டுக்கு மாறிடுச்சா? மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"நல்லாத்தான் இருக்கார்."

"உனக்கென்ன மூஞ்சி தொங்குது?"

"தலைவலி."

தட்டு வெச்சாங்க. அவர் சாப்பிடற வரைக்கும் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவர் சிரிச்சார். "என்னம்மா, டிஸ்க் போயிடுமான்னு முனகலைக் கேக்கறியா?" இந்தம்மா கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் குரல்ல இப்பத்தான் பொய் தேடறாங்க.

திங்கக்கிழமை காலையில பழைய பெட்டியை ஏத்திட்டுப் போக லாரி வருது. எக்ஸ்சேஞ்ச். அது போயிடுச்சுன்னா ஒத்துப் பாக்க வேற எதுவும் கிடையாது. இந்தம்மா முதல் ஆளா ஆபீஸ் போயிட்டாங்க. மாப்பிள்ளை ஒயரை உருவ வந்தார்.

"கையை வைக்காதீங்க தம்பி. இன்னொருவாட்டி பாக்கணும்."

"மேடம், லாரி கீழ நிக்குது."

"நிக்கட்டும். லாரிக்குக் கால் வலிக்காது."

பழைய பெட்டியில அதே ஃபைலைப் பாத்தாங்க. பேரு இல்லை, நம்பர் மட்டும். வீட்டுக்காரரோட நம்பர்தான். மனசு விட்டுப்போச்சு. இருந்தாலும் கை நிக்கலை. கம்பெனியோட லாகின் பட்டியல்ல, ஆள் சேக்கற பர்சனல் பிரிவு வெச்சிருக்கறதுல, அந்த நம்பரைத் தேடினாங்க. இன்னைக்கு அந்த நம்பர் யாரு கையில?

டைம் ஆபீஸ். கைத்தட்டி.

போன ஆளோட நம்பரை வர்ற ஆளுக்குத் தூக்கிக் குடுக்கற வழக்கம் பர்சனல் பிரிவுக்கு உண்டு. பழைய பெட்டிக்கு அதனால பிரச்சினை வந்ததில்லை, அது நம்பரைத் தாண்டி யோசிக்காது. அப்ப இந்தம்மா பட்டியல்ல மட்டும் ஏன் பழைய பேரு? வீட்டுக்காரரைத் தூக்கின அன்னைக்கு அவர் பேரை அடிச்சிருக்கணும், அதுதான் முறை, அடிச்சாதான் அந்த நம்பருக்கு அடுத்த ஆளு பேரு ஏறும். இவங்க அடிக்கலை. "அவங்க தூக்கினா நானும் தூக்கணுமா"ன்னு ஒரு வீம்பு. மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டாங்க, டூலைச் சந்தேகப்பட்டாங்க, தாலி கட்டின மனுஷனைச் சந்தேகப்பட்டாங்க. சொந்தப் பட்டியலை மட்டும் ஒருவாட்டிகூடச் சந்தேகப்படலை.

"என்ன மேடம், தப்பு டூல்லயா?" மாப்பிள்ளை பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லை தம்பி. என்கிட்ட."

உரிமையாளர் பேரைத் திருத்தினாங்க. திருத்தினா, எந்தெந்த ஃபைல்ல என்ன திருத்தினோம்னு எல்லாப் பிரிவுத் தலைமைக்கும் மெயில் போடணும். அந்த விதி இந்தம்மா எழுதினது இல்லை, மேனேஜர் எழுதினது. போட்டாங்க. ஃபைல் பேரு எல்லாம் வரிசையா, பழைய உரிமையாளர் யாரு, சரியான உரிமையாளர் யாருன்னு. பிரிவுத் தலைமை படிச்சது கொஞ்ச நேரத்துல தொழிலாளிங்க கைக்கும் வந்துடுச்சு. மத்தியானம் கேன்டீன்ல கைத்தட்டி தட்டோட வந்து உக்காந்தான். அந்த மேசையில இருந்தவங்க எல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சாங்க.

மேனேஜர் கூப்பிட்டார். மூஞ்சி சிவந்திருந்துச்சு.

"யாரைக் கேட்டு அந்த மெயில் போட்டீங்க?"

"உங்க விதி சார். மூணாவது பத்தி."

"அந்த ஃபைலைத் திறந்து பாத்தீங்களா?"

"திறக்கலை சார். வெளியில ஒட்டியிருந்த பேரைத்தான் படிச்சேன். உள்ள என்ன இருக்கு சார்?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். உள்ள இருக்கறதைச் சொன்னா சங்கத்தை வேவு பாத்தோம்னு ஒத்துக்கணும். இவங்களைத் தூக்கினா ஏன்னு எழுதணும். "போங்க"ன்னார். லாரி அப்புறமாத்தான் கிளம்புச்சு.

இந்தம்மா வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி கடைக்கு வந்துடுச்சு. நாங்க நாலஞ்சு பேரு அங்க இருந்தோம். அன்னைக்கு இந்தம்மா மேல வாயை விட்டவர் எந்திரிச்சு நின்னு கும்பிட்டார். மோட்டார்க்காரர் மட்டும் சிரிக்கலை. மெயிலோட காப்பி அவர் கையில. "பழைய உரிமையாளர்" அப்படிங்கிற இடத்துல அவர் பேரு.

"ஞாயித்துக்கிழமையே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"தலைவலின்னியே."

"ஆமா."

"நான்தான்னு நினைச்சியா?"

நாங்க எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பிச்சோம்.

"நினைச்சேன்"னாங்க. ஒளிக்கலை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் உனக்காக இவனை எந்திரிக்கச் சொன்னேன்."

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவீங்க. நீங்களா இருந்தாலும் அதான் சொல்லுவீங்க, இல்லாட்டியும் அதான் சொல்லுவீங்க. கேட்டு என்ன பிரயோஜனம்? அதான் போய்ப் பாத்தேன்."

அவர் அந்தக் காகிதத்தை நாலா மடிச்சார். அப்புறம் கேட்டார். "பாத்ததுல நான்தான்னு வந்திருந்தா?"

"அப்பவும் எல்லாருக்கும் மெயில் போட்டிருப்பேன்."

அவர் மோட்டாரை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கமிட்டியை வேற இடத்துல வெச்சுக்கச் சொன்னார். அவர் வந்தார், பேசினார், நல்லாவே பேசினார். கமிட்டியில இந்தம்மாவை நம்பலாமான்னு அதுக்கப்புறம் யாரும் கேக்கலை. வீட்டுல மட்டும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டே கொஞ்ச நாளு சாப்பிட்டாங்க.