காணாமல் போக வேண்டிய ராடு

கீசர் ரிப்பேர்காரனை யாரும் நல்ல மனநிலையில் கூப்பிடுவதில்லை. தலையில் பாதி ஷாம்புவோடுதான் போன் செய்வார்கள். ஸ்பேனரும் கையுமாக அடுத்தவர் குளியலறையில் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்களுக்காக ஒரு விஷயம். கீசர் டேங்க் இரும்பு. அதற்குள் விரல் தடிமனில் ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும். மெக்னீசியம் இரும்பைவிட அவசரக்காரன். தண்ணீர் முதலில் அதைத்தான் தின்னும். அது தீரும்வரை டேங்குக்கு ஆபத்தில்லை. எங்கள் திருவண்ணாமலை போர் தண்ணீருக்கோ நல்ல பசி.

தரையில் கிடந்த கம்பி

செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் ஏழுமலை அண்ணனுக்கு லாட்ஜ். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம் செய்துவிட்டு இங்கே வந்தவர். மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். கீழ்த்தளத்தில் ஒரு அறையின் கீசரைத் திறந்தேன். போன வருஷம் நான் போட்ட ராடு முழுக்கக் கரைந்து, நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும் வந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டுப் புது ராடை மாட்டி முடித்தபோது அவர் உள்ளே வந்தார். கம்பியைக் காலால் புரட்டினார்.

கரைந்துவிட்டது என்றேன். உலோகம் தண்ணீரில் கரையும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நான் ராடை உருவி விற்றுவிட்டதாக முடிவு செய்து, வாசலைக் காட்டினார். "விரல் தண்டி ராடு மாட்டின. இப்போ ஈர்க்குச்சி எடுத்துக் காட்டுற. மல்லாட்டை மூட்டையில மண்ணு கலந்தவனையே புடிச்சவன் நான்பா."

வேங்கிக்கால் அம்மா

ஆளில்லாத அறைகளில் சாவி வாங்கிக்கொண்டு போய் வேலை செய்கிறவன் நான். திருடன் என்று பேர் விழுந்தால் சாவி வராது. அந்தப் பேர் என்னைவிட வேகமாக வேங்கிக்கால் வரை போயிருந்தது. கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் ஒரு அம்மா, நான் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாங்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்.

அங்கே யாரோ ஜி.ஐ. இரும்புப் பைப்பையும் செம்புக் குழாயையும் நேராகச் சேர்த்திருந்தார்கள். செம்பு புதிது மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த பைப் மட்டும் அரித்துப்போயிருந்தது. செம்பு சுலபத்தில் அசையாது, ஈரத்தில் அதோடு ஒட்டியிருப்பதுதான் வீணாகும் என்று விளக்கினேன். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரை எட்டிப் பார்த்தார். "எங்களுக்குக் கல்யாணமாகி இருவது வருசம் ஆச்சு. எனக்குத் தெரியாதா தம்பி?"

செம்பு ராடு

குருக்கள் வீட்டில் சந்தேகம் இல்லை, யோசனை இருந்தது. பெரிய கோயிலில் பூஜை செய்கிறவர். கரைகிற மெக்னீசியம் எதற்கு, கரையாத செம்பிலேயே ராடு போட்டால் என்ன, தீர்த்தம் மாதிரியும் இருக்குமே என்றார். போட்டால் செம்பு அப்படியே இருக்கும், அதற்குப் பதிலாக டேங்க் ஓட்டையாகும் என்றேன். கீசரை விரலால் தட்டிப் பார்த்தார். "கௌரவமானவாளை உள்ளே விட்டா வீடு தாங்காதுங்கறீர். சரி, அந்த அல்பாயுசையே போடும்."

பீரோவில் பத்திரமாக

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் ஏழுமலை அண்ணனே கூப்பிட்டார். மாடி அறைகளில் எல்லாம் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. தீபத்துக்கு எல்லா அறையும் புக் ஆகிவிட்டது. போனேன். மாடி கீசர்களில் ராடு இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை அடைப்பு. ராடு எங்கே என்று கேட்டேன். என்னைத் துரத்திய கையோடு இன்னொரு மெக்கானிக்கை வைத்து அத்தனை ராடையும் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் பூட்டியிருக்கிறார். நான் திருடிவிடக்கூடாதாம்.

பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினார். கழற்றியபோது இருந்த தடிமன் கொஞ்சமும் குறையவில்லை. "பாத்தியா? எங்கிட்ட இருந்தா மட்டும் கரையவே இல்ல."

நாலு கிளாஸ்

பேசிப் பயனில்லை. அவர் மனைவி கனகா அக்காவிடம் எலுமிச்சைச் சாறு கேட்டேன். நாலு கிளாஸில் பிழிந்து ரிசப்ஷன் மேஜையில் வைத்தார். பீரோ ராடிலிருந்து ஒரு துண்டு மெக்னீசியம், பழைய டார்ச் செல்லின் துத்தநாகத் தகடு, ஓர் ஆணி, ஒரு செம்புக் கம்பி. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, ஆளுக்கொரு கிளாஸில் போட்டேன். மெக்னீசியம் சோடா மாதிரி பொங்கியது. துத்தநாகத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். ஆணியில் குனிந்து பார்த்தால் உண்டு. செம்பு சும்மா கிடந்தது. அண்ணன் அந்த நாலையும் விட்டு நகரவில்லை. மெக்னீசியம் மெலிந்துகொண்டே வந்து கடைசியில் இல்லாமல் போனது. கிளாஸைத் தூக்கி அடியில் பார்த்தார். மேஜைக்குக் கீழேயும் பார்த்தார்.

கனகா அக்கா, நான் புது ராடு போட்டிருந்த கீழ் அறையில் ஒரு வாளி பிடித்து வந்தார், தெளிந்த தண்ணீர். மாடியிலிருந்து ஒரு வாளி, டீ டிகாக்ஷன். இரண்டையும் கணவர் முன்னால் வைத்தார். "ராடை பீரோல பத்திரமா வச்சுட்டு, டேங்கைத் தின்னக் குடுத்திருக்கீங்க."

மாடி டேங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஓட்டை எதுவும் விழவில்லை; துரு மேலாகத்தான் இருந்தது. அதைச் சொன்னபோது அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. மாடி அறைச் சாவிக்கொத்தை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். "எல்லாத்தையும் மாட்டு. அடுத்த வருசம் தொறக்கறப்போ எதுனா ஒரு ராடு முழுசா இருந்துதுன்னு வையி, அப்போ இருக்கு உனக்கு."

கரைந்தால் திருடன், கரையாவிட்டால் ஏமாற்றுக்காரன் என்று ஆனாலும், அந்தச் சாவிக்கொத்து இப்போதைக்கு என் பையில் இருக்கிறது.